முதலில் யார் வழக்கு

மட்டக்களப்புக்குப் போகும் தோணியில் எனக்கு எதிரே ஒரு தாயும், கொழும்பில் பட்டப்படிப்புப் படிக்கும் அவரது மகளும் இருந்தார்கள்.

“சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டா மாப்பிள்ள வீட்டார் ஓடிப்போவாங்க புள்ள!”

“ஓடமாட்டாங்கம்மா. நேத்து மாப்பிள்ளைட தாயிட்ட நானே சொல்லிட்டன்.”

“ஐயோ கடவுளே! மனிசி என்ன சொன்னா?”

“கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினா. அவங்களுக்கு வயல் வழக்கொண்டு கனகாலமா இழுபடுதாம். வீட்டுக்குள்ளயே வழக்குப் பேச ஒரு அப்புக்காத்து வந்தா நல்லமாம்.”

தோணிக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டேன்.

தாய் சட்டென்று எழும்பியதில் தோணி ஆடியது.

“அதெப்பிடி? பெத்துப் படிப்பிச்சது நானெல்லோ! இண்டைக்கே விண்ணப்பத்தப் போடு. முதல்ல எங்கட வட்டை வயல்காணி வழக்கு. அவங்கட வழக்குப் பிறகு!”