பழுது என்ற கட்டத்தில் பூஜ்யம்

ஐயா, நான் தேவையில்லாமல் ஹார்ன் அடிக்கிறவன் இல்லை. எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றாலும் பேசாமல் இருப்பேன். அவசரத்தில் செய்துவிட்டான் என்று நீங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆலைகளில் பாதுகாப்புக் கருவிகள் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்று கணித்துச் சொல்வது என் தொழில். கும்மிடிப்பூண்டி ரசாயன ஆலைக்கு அதற்குத்தான் போனேன். அங்கே ஓர் உலை. அழுத்தம் பத்தைத் தாண்டினால் சூட்டைத் தானாக நிறுத்த ஓர் ஏற்பாடு. அதன் கம்பிகளில் மின்னல் பாயாமல் தடுக்கத் தீப்பெட்டி அளவு அரெஸ்டர்கள்.

கருவிகளைப் பராமரிக்கும் அந்தோணி, ஒரு பெயின்ட் டப்பாவை என் மேசையில் கவிழ்த்தார். இரண்டு மழைக்காலத்தில் செத்துப்போன அரெஸ்டர்கள். பதினேழு.

"எதனால செத்துது?"

"இடி வாங்கித்தான் சார். வேற இன்னா, காதல் தோல்வியா?"

"அப்போ வேலைய செஞ்சுட்டுத்தானே செத்துது?"

"ஆமா சார்."

அந்த 'ஆமா' எனக்குப் போதுமானதாக இருந்தது. கடமையாற்றி மாண்டவை தியாகிகள். அவற்றைப் பழுது என்பது அநாகரிகம். அட்டவணையில் பழுது என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். வருடாந்திரச் சோதனை வேண்டாம், ஐந்து வருடத்துக்கு ஒன்று போதும் என்று கணிதமே சொல்லிவிட்டது. மேலாளர் வசந்தகுமார் என் கையை விடவே இல்லை. சோதனைக்காக ஆலையை நிறுத்துவது அவருக்கு அவ்வளவு மனவேதனை.

அந்தோணிக்கு மட்டும் நிறைவில்லை. "சாவட்டும் சார். செத்தது நமக்குத் தெரியணுமே. பாதி உசுரோட கெடந்து பொய் சொல்லிக்கினு இருந்தா இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. பாதி கெட்ட அரெஸ்டர், அழுத்தத்தைச் சொல்லும் மின்சாரத்தைக் கசியவிடும். உலையில் பன்னிரண்டு இருந்தால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எட்டு என்று வரும். எட்டைப் பார்த்து எந்த ஏற்பாடும் எதையும் நிறுத்தாது.

ஐப்பசியில் அதுதான் நடந்தது. குளிர்நீர் பம்ப் நின்றது, அழுத்தம் ஏறியது, திரை எட்டிலேயே இருந்தது. அந்தோணி மட்டும் உலையிலேயே இருக்கும் முள் மீட்டரைப் பார்க்க ஏணியில் ஏறினார். அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது உலை வெடித்தது.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த உலையின் அரெஸ்டரை, அறிக்கை கொடுத்த அன்று நானே கழற்றிச் சோதித்தேன். கசிந்தது. "நல்லாக்கீதா சார்?" என்று அந்தோணி கீழிருந்து கேட்டார். "நல்லா இருக்கு" என்று சொல்லித் திரும்பச் செருகினேன். அது சாகவும் இல்லை, வேலையும் செய்யவில்லை. அப்படிப்பட்ட ஒன்றுக்கு என் அட்டவணையில் கட்டமே கிடையாது. அறிக்கையோ காலையிலேயே, வரும் வழியில் புதுவாயலில் நாஷ்டா வருவதற்குள் அச்சாகிவிட்டது.

தூக்கம் வருகிறதா என்று கேட்டீர்கள். வருகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஆறு பேரும் திரையை நம்பி உட்கார்ந்திருந்தார்கள், கீறல்கூட இல்லை. என் அறிக்கையை நம்பிய யாரும் சாகவில்லை, ஐயா.