முப்பது அங்குல வளைவு

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் செங்கல்பட்டுக்கோ மதுராந்தகத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே ஒன்று வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒருவர் சீட்டாடுகிறார், ஒருவர் நாளெல்லாம் செல்போனில் ஜோசியம் பார்க்கிறார், நான் பொம்மை ரயில் விடுகிறேன். இதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

இன்ஸ்பெக்டர், நீங்கள் உள்ளே வந்ததும், "இந்த ரெண்டு ரூமும் முன்னாடியே ஒண்ணாத்தான் இருந்துதா சார்?" என்று கேட்டீர்கள். என் ரயில் மேசையைப் பார்த்து இந்த ஊரில் ஒரு உருப்படியான கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆண்டாளம்மாள் ஸ்டேஷனுக்கு வந்து என்ன சொல்லியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெருக்கித் துடைக்கிறவள், பொய் சொல்லத் தெரியாதவள். ஆகவே கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

ஒன்றாக இல்லை. நடுவில் சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணா ராமானுஜம் இருந்தார்.

விஷயம் ஒரு எஞ்சினில் ஆரம்பித்தது. சென்னையில் வெளிநாட்டு மாடல்களைத் தருவித்து விற்கிற விஜய் என்பவர் போனில் அதன் படத்தை அனுப்பினார். பித்தளையில் கையால் செய்த நீராவி எஞ்சின். பின்னால் கரிவண்டியோடு சேர்த்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம். புகை விடும், மூச்சு வாங்கும், விசில் அடிக்கும். அதற்கு முன் நான் வைத்திருந்தவை எல்லாம் பிளாஸ்டிக் டீசல்கள். விலையை விடுங்கள், எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, சேர்த்து வைத்து யாருக்குக் கொடுக்கப் போகிறேன். யோசனை விலையைப் பற்றியது இல்லை, வளைவைப் பற்றியது.

அதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். அந்த எஞ்சினின் நடுவில் மூன்று ஜோடிப் பெரிய சக்கரங்கள் ஒரே சட்டத்தில் விறைப்பாக நிற்கும். வளைவு குறுகலாக இருந்தால் அவை திரும்ப மாட்டாமல் தண்டவாளத்தின் மேல் ஏறிக் கவிழ்ந்துவிடும். முப்பது அங்குல ஆரமாவது வேண்டும் என்றார் விஜய். என் அறைக்குள் எப்படிப் புரட்டிப் போட்டாலும் இருபத்திரண்டுக்கு மேல் வராது. முப்பது போட வேண்டுமானால் வளைவு சுவரைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டினால் அண்ணாவின் கட்டில்.

அண்ணா கோயிலில் பிரபந்தம் சேவித்துக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய், சில வருஷங்களாக அந்த அறையிலேயே இருந்தார். சமைப்பது, குளிப்பாட்டுவது, காலையில் இன்சுலின் ஊசி போடுவது எல்லாம் நான்தான். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்றுதான் சொல்வார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் முதலில் அவரிடமே கேட்டேன்.

"அண்ணா, முன் ரூமுக்கு வந்துடறேளா? ஃபேன் நன்னாச் சுத்தும்."

"இங்கேருந்தாத்தான்டா கோயில் மணி காதுல விழறது. கண்ணுதான் போச்சு, காதாவது இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். பிறகு சிரித்தார். "நான் போனப்புறம் ரூமை எடுத்துக்கோ. யார் வேண்டாங்கறா?"

கவனியுங்கள், அவரே சொன்னார். அதை நான் அனுமதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கொத்தனார் வேதகிரியை அழைத்துச் சுவரைக் காட்டினேன். அவன் விரல் கணுவால் தட்டிப் பார்த்துவிட்டு, "தாங்கும் சார். மேல பீம் கீது. இட்ச்சிட்லாம், பேஜாரே இல்ல" என்றான். உள்ளேயிருந்து அண்ணா, யாருடா தட்டறது என்று கேட்டார். உங்களுக்குக் காற்று வர வழி பண்ணலாமா என்று பார்க்கிறேன் என்றேன். இந்த வயசுக்கு மேலே எனக்கு எதுக்குடா தனியாக் காத்து, வீண் செலவு என்றார். பாவம், நல்ல மனுஷர். அவர்மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் கிடையாது. என் டீசல் ஒன்றைத் தடவிப் பார்க்கிறேன் என்று வாங்கி, அதன் கைப்பிடிக் கம்பியை ஒருமுறை வளைத்துவிட்டார். அப்போதுகூட நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது ஏகாதசிக்கு வருகிறேன். அண்ணா எந்த ஏகாதசியையும் விட்டதில்லை. பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் ஒரு டம்ளர் பால். பட்டினி நாளில் ஊசியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், நானும் தொட்டதில்லை. மறுநாள் துவாதசி. அன்று விடிந்ததும் ஊசி, ஊசி போட்ட கையோடு பாரணை. அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்.

சில மாதங்களில் பஞ்சாங்கத்தில் ஏகாதசி இரண்டு நாள் போட்டிருக்கும். முதல் நாள் ஸ்மார்த்தர்களுக்கு, மறுநாள் எங்களைப் போன்ற வைஷ்ணவர்களுக்கு. தசமி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் எங்களுக்கு ஆகாது. எது எந்த நாள் என்று பார்த்துச் சொல்வது, அண்ணாவுக்குக் கண் போன பிறகு, என் வேலை. போன ஐப்பசியில் அந்த வித்தியாசம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் வெள்ளிக்கிழமைதான் ஏகாதசி. அண்ணா வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார். சாயங்காலம் பால் கொடுத்தேன்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. காலையில் அண்ணா வழக்கம்போலக் கையை நீட்டினார். ஊசி போட்டேன்.

"பார்த்தா, தளிகை ஆயிடுத்தாடா? பசி காதை அடைக்கறது."

"அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நேத்திக்கு ஸ்மார்த்தாளுக்காம். நமக்கு இன்னிக்குத்தான் ஏகாதசி. நான்தான் பஞ்சாங்கத்தைச் சரியாப் பாக்கலை."

அவர் ஊசி போட்ட இடத்தைத் தடவினார். பிறகு கேட்டார், "ஊசி போட்டுட்டியேடா?"

"அரை அளவுதான் அண்ணா. ஒண்ணும் பண்ணாது."

"சரி விடு. இன்னும் ஒரு நாள் பட்டினி இருந்தாப் பெருமாள் கோச்சுக்கவா போறார்" என்று படுத்துக்கொண்டார்.

அரை அளவு இல்லை. முழு அளவு, சொல்லப்போனால் அதற்கும் மேலே. உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை.

ஆண்டாளம்மாள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை. துவாதசிதோறும் எங்களுக்கு வாங்கி வருவது அவள் வழக்கம். இதை நான் மறந்தே போனேன். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவளுக்கும் கீரைக்காரி திதி சொல்லிவிடுவாள் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

"இன்னிக்கு எங்களுக்கு ஏகாதசி. கீரையை மாட்டுக்குப் போடு" என்றேன்.

"இது இன்னா சார் புதுசா கீது? பஜார்ல கூறு கட்டி வெச்சிக்கினு துவாதசிக் கீர, துவாதசிக் கீரன்னு கூவினுகீறாங்க. பெரிய சாமி நேத்தே பட்டினி கெடந்தாரே?"

அவள் துடைப்பத்தோடு அண்ணா அறைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சார், பெரிய சாமிக்குச் சட்டயெல்லாம் தொப்பலா நனஞ்சிகீது. கையி ஒதறுது. எங்க மாமியாளுக்கும் இதே வியாதிதான், இப்டித்தான் ஆவும். வாயில கொஞ்சம் சக்கர போட்டா எய்ந்து குந்திக்கும். டப்பா எங்க கீது?"

அவளே கண்டுபிடித்து எடுத்துவிட்டாள். நான் அவள் கையிலிருந்து வாங்கிப் பரண்மேல் வைத்தேன். சத்தம் போடவில்லை. நான் பிள்ளைகளையே அதட்டாதவன். "ஆண்டாளம்மா, அவர் ஆயுசுல ஒரு ஏகாதசி விட்டதில்லை. அவர் வாயில நீ சர்க்கரை போட்டு விரதத்தைக் கெடுத்தா அந்தப் பாவம் உன் குழந்தை குட்டியைச் சேரும்" என்றேன்.

அவள் அழுதாள். "பாவம் எனுக்கே வரட்டும் சார். ஒரே ஒரு சிட்டிக."

சாயங்காலம் வா என்று அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டேன். அவள் போகாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு போய்விட்டாள்.

அண்ணா பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். தூக்கத்தில்கூட அவருக்கு அடி மாறாது. அப்புறம் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பார்த்தா, ஒரு துளி வெல்லம் இருக்காடா?"

அடுப்பங்கரை வாசல்வரை போய்த் திரும்பினேன். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். நான் ஒன்றும் கல் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை.

"இன்னிக்கு ஏகாதசி அண்ணா" என்றேன்.

"ஆமா இல்லே, மறந்தே போயிட்டேன். கேட்டேன்னு யார்கிட்டேயும் சொல்லாதே" என்றார். அவருக்கு வெட்கமாகிவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, வண்டியை விடேன், சத்தம் கேக்கட்டும் என்றார். நாக்கு குழறியது, ஆனால் புரிந்தது. இந்தப் பக்கம் வந்து பழைய டீசலை ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறுகல் வளைவில் சக்கரம் கிரீச்சிட்டது. பல்லைக் கூச வைக்கிற சத்தம். முப்பது அங்குலம் இருந்தால் இந்தச் சத்தமே வராதே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

டாக்டர் வந்தார், கையைப் பிடித்துப் பார்த்தார், வயசு, சர்க்கரை என்று எழுதிக்கொடுத்தார். அன்றைக்கே எடுத்துவிட்டோம். ஏகாதசி மரணம், துவாதசி தகனம் என்பது எங்களவர்களுக்குப் பெரிய பாக்கியம். அண்ணாவும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம், ஒரே ஒரு நாள் முந்திப் போயிருந்தால் ஏகாதசியாக இருந்திருக்குமே, பெருமாள் கொடுத்து வைக்கவில்லையே என்று அங்கலாய்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவர்களுக்குத்தான் துவாதசி. அண்ணாவைப் பொறுத்தவரை அவர் ஏகாதசியில்தான் போனார், விரதம் பங்கமில்லாமல் போனார். அந்த நிறைவை அவருக்கு நான்தான் கொடுத்தேன். வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

காரியங்கள் முடிந்து பதின்மூன்றாம் நாள் சுபம் ஆகும்வரை சுவரில் கை வைக்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது. அப்புறம்தான் வேதகிரி வந்து இடித்தான். வளைவு எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது பாருங்கள். கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில்தான் திரும்புகிறது. இந்தப் பழைய டீசலே இப்போது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கொஞ்சம் குனிந்து பார்த்தால் தெரியும்.

ஆக, கொன்றது நான்தான். எரித்தாயிற்று, நான் சொல்லாவிட்டால் உங்கள் கையில் ஒரு கீரைக்கட்டைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன்.

எஞ்சினா? இன்னும் வாங்கவில்லை. தை மாதம் இதைவிட நல்ல சத்தத்தோடு புதிதாக ஒன்று வரும் என்று விஜய் சொல்கிறார். அதையும் பார்த்துவிட்டு வாங்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற ஆள் நான் இல்லை. அப்பா போனபோது எனக்கு நாலு வயசு. அண்ணா என்னை அப்படித்தான் வளர்த்தார்.