ஜன்னலோரத் தட்டு

லோஃபோட்டன் தீவுகளில் எங்கள் வீட்டில் காலையில் மீனெண்ணெய் தவறியதே இல்லை. ஆளுக்கு ஒரு கரண்டி, பிறகுதான் காப்பி. அதைக் குடித்தால் நூறு வயதுவரை நினைவு தப்பாது என்பார்கள் இந்தப் பக்கத்தில். வைட்டமின் எல்லாம் உங்கள் கணவர் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறாரா என்று டாக்டர் கேட்டால், ஒரு நாள் விடாமல் என்பேன். அது பொய்யில்லை.

ஆனால் என் கணவர் ஓட்வாருக்கு வேண்டியது அதுவல்ல. புற்றுநோய்க்காக அவருடைய இரைப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பி12 சத்து அவர் உடம்பில் சாப்பாட்டின் வழியே சேராது. ஊசியில்தான் ஏற்ற வேண்டும். விட்டால் நரம்பு கெடும், நினைவு போகும். நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் ஊசியை வீட்டிலேயே போடும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள்.

எங்கள் மகள் சின்னோவா கடலில் மூழ்கிப் போனது ஊருக்கே தெரியும். காற்று சரியில்லை, படகை எடுக்காதே என்று அவர் தடுத்தார். போகட்டும், அவளென்ன சின்னப் பிள்ளையா என்று அனுப்பி வைத்தவள் நான். அதன்பின் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. தினமும் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைப்பார். ஜன்னலோரம் அவளுடையது. வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தத் துக்கத்திலிருந்து அவரை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இடுப்பெலும்பு முறிந்து நான் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊசி விட்டுப்போனது. திரும்பி வந்தால் மனிதர் தடுமாறிக்கொண்டிருக்கிறார். ஆனால் மேசையில் இரண்டே தட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். வெகுகாலத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஊசியை மறுபடி ஆரம்பித்தேன். மூன்றாவது தட்டும் திரும்பி வந்தது. அதனால் நிறுத்திவிட்டேன்.

ஊசிக்கான அந்தச் சிவப்பு மருந்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவேன். பி12 குறைந்தால் வரும் ரத்தசோகை காட்டிக்கொடுத்துவிடுமே என்று, அதை மட்டும் மறைக்கும் ஃபோலிக் மாத்திரையையும் மீனெண்ணெயோடு கொடுத்தேன். ரத்தம் தேறியது, மூளை தேய்ந்தது. வயசாகிறதில்லையா என்றார் டாக்டர்.

ஆரம்பத்தில் அவருக்கே சந்தேகம் வந்ததுதான் கொஞ்சம் சங்கடம்.

"போர்ஹில்ட், தலை என்னமோ மாதிரி இருக்கு. எனக்கு ஊசி போட்டியா?"

"போன வாரந்தானே போட்டேன். அதுகூடவா மறந்துடுச்சு?"

சட்டையை மடித்துக் கையில் ஊசித் தடத்தைத் தேடினார். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

புதிதாக வந்த பெண் டாக்டர் பி12 அளவைத் தனியாகச் சோதித்ததால்தான் போலீஸ்காரர்கள் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி எதுவும் திரும்பாது என்று அந்தப் பெண் அழாத குறையாகச் சொன்னாள். எனக்கு முன்பே தெரியும். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊர் பேசும், பேசட்டும். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன்.

மகளை மறந்தாரா என்று கேட்கிறீர்கள். இல்லை. மறந்தது என் முகத்தை. இன்று காலையும் இரண்டு தட்டு வைத்தார், தனக்கு ஒன்று, ஜன்னலோரம் ஒன்று. நான் போய் அங்கே உட்கார்ந்தேன்.

"வந்துட்டியாம்மா? உங்கம்மா பேச்சைக் கேட்டுப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்."

"போகலப்பா," என்றேன்.

என் தலையைத் தடவிக்கொடுத்தார். இப்போது அவருக்கு என்மேல் துளிக் கோபம் இல்லை.