ஒத்தட விரிப்பு வாங்கிய முப்பத்தொரு பேர்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம். இணையத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் வீட்டில் இது அபூர்வம். என் மனைவியின் அண்ணன் ஒரு மழைக்காலத்தை நம்பி அறுநூறு குடை வாங்கி அடுக்கினார். அந்த வருடம் மழை கண்ணாமூச்சி காட்டிவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கும் மச்சான் வீட்டில் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் குடைப் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான், சரக்கு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் விற்பது என்று முடிவு செய்தேன்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஐயா. என் கடைப் பக்கத்தில் பொருளின் படத்தைப் போடுவேன். ஆர்டர் வந்ததும் கிடங்குக்காரருக்குத் தெரிவிப்பேன். அவர் பொருளைக் கட்டி, என் கடையின் பெயரை ஒட்டி, நேராக வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எத்தனையோ சின்ன வியாபாரிகள் நாணயமாகச் செய்கிற முறைதான்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. வாங்குகிறவரின் விவரம் முழுக்கக் கிடங்குக்காரர் கைக்குப் போகிறது. "இனிமே நேரா என்கிட்டயே வாங்கிக்குங்க" என்று அவர் நாலு பேருக்குப் போன் போட்டால் நான் தெருவில் நிற்க வேண்டியதுதான். அவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். குழந்தைகளை விசாரிப்பார். அவ்வளவு விசாரிக்கிறாரே என்பதுதான் எனக்கு உறுத்தியது. அதனால் பார்சல் சீட்டில், வாங்குகிறவரின் எண் இருக்க வேண்டிய இடத்தில் என் எண்ணைப் போட்டேன். கூரியர்காரர் என்னைக் கூப்பிடுவார். நான் வாங்குகிறவரைக் கூப்பிடுவேன். இரட்டை வேலைதான்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டா எப்படிங்க தொழில் பண்றது?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"சந்தேகப்படாம பண்ணின உங்க அண்ணன் குடைக்குள்ளதானே குடித்தனம் பண்றார்" என்றேன். சிரித்துவிட்டாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

குளிர் தொடங்கியதும் அந்த ஒத்தட விரிப்பைக் கடைப் பக்கத்தில் போட்டோம். மின்சாரத்தில் சூடாகிற விரிப்பு, முதுகுவலி, மூட்டுவலிக்கு. முப்பத்தொரு பேர் வாங்கினார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை கிடங்குக்காரர் கூப்பிட்டு, இனி அதை விற்க வேண்டாம் என்றார். அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டேன். அந்தப் பேச்சின் மீதியைப் பிறகு சொல்கிறேன்.

பதினொரு நாள் கழித்து, விரிப்பு வாங்கியவர்களில் ஒருவரான ஒரு தையல்காரம்மா கூப்பிட்டார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

"சார், உங்ககிட்ட வாங்கின விரிப்புல கருகின வாடை வருது. பிளக்கைப் பிடுங்கி வச்சிட்டேன். திருப்பி எடுத்துக்கறீங்களா?"

குரல் நிதானமாக இருந்தது. நிஜமாகவே பயந்தவர் இப்படியா பேசுவார் என்று யோசித்தேன். ஒருவேளை கிடங்குக்காரரே ஆள் வைத்து என்னை ஆழம் பார்க்கிறாரோ என்றும் தோன்றியது.

"வாடை போன்ல தெரியாதேம்மா. ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க."

"அதான் பிடுங்கிட்டேனே சார்."

"மறுபடி மாட்டித்தான் எடுக்கணும்."

அவர் சொன்னார்: "அம்மா அது மேலதான் படுத்திருக்காங்க. அவங்களால தானா நகர முடியாது. தூக்கணும்னா பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரணும். சாயங்காலம் ஆயிடும்."

சாயங்காலம் வரை அவகாசம் கொடுத்தால் யாரிடமாவது யோசனை கேட்டு, ஊதுவத்தியைக் கொளுத்திக்கூடப் புகை காட்டலாம். இதெல்லாம் நடக்கிறது, ஐயா. நீங்கள் இந்தத் தொழிலில் இல்லை.

"ஆள் படுத்திருக்கும்போது எடுத்தாத்தான் சரியா இருக்கும். அப்படியே இருக்கட்டும்மா. பத்து நிமிஷம்தான்" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி தாழ்ந்த குரலில், "எடுத்துக்கறோம்னு சொல்லிடுங்களேன். ஒரு விரிப்புதானே?" என்றாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

வீடியோ வந்தது. நாற்பது வினாடி. பூப்போட்ட போர்வை, அதற்குக் கீழே விரிப்பின் ஓரம், சிவப்பு விளக்கு, வீங்கிய இரண்டு பாதங்கள். "எதுக்குடி படம் பிடிக்கிற? நான் தலைகூட வாரலையே" என்று ஒரு வயதான குரல் கேட்டது. "காலைத்தாம்மா எடுக்கறேன்" என்றது மகளின் குரல். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மூன்று முறை பார்த்தேன். புகை இல்லை.

'புகை தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போட்டு எடுக்கவும்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டார் என்று போன் காட்டியது. பிறகு எதுவும் வரவில்லை. இரண்டு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தேன். 'பதில் இல்லாததால் புகார் முடிக்கப்பட்டது' என்று அனுப்பிவிட்டு, பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் எழுதியபடி விரிப்பை ஓடவிட்டு, அவர் பக்கத்து அறையில் துணியை எடுத்து வைத்துவிட்டு வருவதற்குள் மெத்தை பற்றிக்கொண்டதாக மறுநாள் ஸ்டேஷனில் நீங்கள்தான் சொன்னீர்கள். அம்மாவைக் கட்டிலோடு இழுக்கப் பார்த்ததில் தையல்காரம்மாவுக்கு இரண்டு கையும் போய்விட்டதாம். அம்மா பிழைக்கவில்லை. எனக்கு வருத்தம்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

திங்கட்கிழமைப் பேச்சின் மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன். கிடங்குக்காரர் சொன்னது இதுதான்: "தம்பி, இந்தச் சரக்குல ஒயர் சரியில்ல. இங்க ஒண்ணைப் போட்டுப் பார்த்தோம், மடிப்புல கருகிப் பத்திக்கிச்சு. வாங்கினவங்களை பிளக்குல மாட்டவே வேணாம்னு சொல்லிடுங்க. சீட்டுல உங்க நம்பர்தான் இருக்கு. இல்லேன்னா நானே போன் பண்ணியிருப்பேன். விலாசத்துக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாம்ணே. எல்லாருக்கும் நானே சொல்லிடறேன்" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் முப்பத்தொரு பேரும் விரிப்பைக் கிடங்குக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். அவர் அவர்களோடு பேசுவார். மன்னிப்புக் கேட்பார், வேறு பொருள் கொடுப்பார், நல்ல பெயர் வாங்குவார். என் ஆட்களை என் கையாலேயே அவரிடம் ஒப்படைத்ததாகிவிடும். அந்த விரிப்பு எரியும் என்று தெரிந்துதான் மறுபடி மாட்டச் சொன்னேன். தெரிந்ததற்கும் நம்பியதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

என் போனை மனைவியே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னீர்கள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை நாளாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மற்ற முப்பது வீட்டுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் அவர்கள் போய்ச் சேர ஒரு நாளாவது ஆகும், எண்கள் கிடைத்தால் அரை மணியில் எல்லோரையும் எச்சரித்துவிடலாம் என்கிறீர்கள். நியாயம்தான். பார்சல் சேர்ந்ததும் போனிலிருந்து எண்ணை அழித்துவிடுவேன்; பட்டியல் என் கணினியில்தான் இருக்கிறது. அதன் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்கிறேன், நானும் மனிதன்தானே. அதற்கு முன்னால், அந்த எண்களில் ஒன்றுகூடக் கிடங்குக்காரர் கண்ணில் படாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.