கூரைக்குள்ளே பசி

— விளையாடாதே, காட்டுப்பூச்சி! சீலிங் வேலை நேத்துதான் முடிஞ்சுது. விடிஞ்சா காலேஜைப் பார்க்க ஆய்வுக் குழு வருது. இப்போ சீலிங்கைப் போய்ப் பிரிக்கச் சொல்றே?

— மேலே ஆந்தைக்குஞ்சுங்க மாட்டிக்கிட்டிருக்கு, ஒட்டடக்குச்சி.

— மேஸ்திரி, கூரையோரத்து ஓட்டையைப் பலகை வெச்சு அடைக்குமுன்னே உள்ளே பார்த்தீங்கல்ல?

— டார்ச் அடிச்சுப் பார்த்தேன் பிரின்சிபால் மேடம். ஒண்ணுமே இல்லை.

— பகல்ல குஞ்சுங்க மூலையில ஒடுங்கிக் கிடக்கும் மேஸ்திரி. தாயும் தகப்பனும் மரத்துல தூங்கும். ராத்திரி இரையோட வந்து பலகையில மோதியிருக்குங்க. வெளியே சுவரோரம் எலிங்க அப்படியே கிடக்கு.

— அப்போ வெளிப்பக்கமா பலகையை எடுத்துத் தொலைங்க!

— சாரத்தைப் பிரிச்சு லாரியில ஏத்திட்டோமே மேடம். உள்ளேயிருந்து சீலிங்கைப் பிரிச்சாத்தான் பலகைக்குக் கை எட்டும்.

— அடியே, ஏற்கெனவே ஒரு தடவை, லேப் சரியில்லைன்னு, நீ இங்கே ஆரம்பிக்கணும்னு கேட்ட வனவிலங்குப் படிப்புக்கு அனுமதி தராமத் திருப்பி அனுப்பிட்டாங்க. நாளைக்குக் கூரை பல்லை இளிச்சா, நம்ம காலேஜுக்கு அது இனிமே கிடையாது.

— தெரியும்.

— இந்தக் காலேஜுக்காக எது கேட்டாலும் செய்வேன்னு சொன்னியே! இப்போ கேக்கறேன். நாளை ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு.

— நாளைக்குள்ள செத்துடும்டி. எந்தக் காட்டுல யார் கேட்டாலும், இந்தக் காலேஜ் பொண்ணுன்னுதான் நெஞ்சை நிமித்திச் சொல்வேன். குஞ்சுங்களைச் சாகவிட்டுட்டு, அதே கூரைக்குக் கீழே நின்னு பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பேன்?

— இங்கே பாடம் எடுக்கணும்னு, பார்த்துக்கிட்டிருந்த வேலையையும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கே. அந்தப் படிப்புக்கு அனுமதி வரலைன்னா நடுத்தெருவுலதான் நிப்பே.

— நின்னுக்கறேன். காட்டுல நின்ன காலுதானே.

— மேடம்... பொழுது சாஞ்சதும் மேலே என்னமோ சீறுது. பாம்பா?

— பாம்பு இல்லை மேஸ்திரி. பசி.

— ஐயோ, ஆமா... எனக்கும் கேக்குது.

— ஒட்டடக்குச்சி?

— பேசாதே. என் தலையெழுத்து, உன்கூட ஒரே பெஞ்சுல உட்கார்ந்தேன் பாரு! மேஸ்திரி, ஏணியைப் போடுங்க. எந்த ஓரம்டி?

— ஜன்னல் பக்கம். சீலிங் அட்டை நாலஞ்சு போகும். மறுபடி தட்டிக்கிட்டிருந்தா தாய் கிட்டே வராது, அதனால குஞ்சுங்க பறக்கிறவரைக்கும் திரும்ப மூடவும் முடியாது.

— போகட்டும், போகட்டும்.

— காலையில குழு வந்து நின்னா என்னடி சொல்வே?

— என்ன சொல்றது? உள்ளே வகுப்பு நடக்குது, சத்தம் போடாம வாங்கன்னு சொல்வேன்.