மழைமானியில் தேங்கிய தண்ணீர்

ஹலோ... ஹலோ, மழை ஆபீசா?... நான்தான் சார், ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் சம்சாரம். இங்க மழைமானி பாக்குறவரோட... ஆமா, ஆமா. அதே பொம்பளதான்.

சிரிக்காதீங்க சார்.

...அவரால எப்படி வர முடியும்? கால் உடைஞ்சு மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு. அதனாலதானே இந்த வாரம் பூரா நான் அளந்தேன்...

சரி. சரி சார். என் தப்புதான். அளந்து போன்ல சொல்லுன்னாரு, சொன்னேன். அளந்ததும் தண்ணியைக் கீழ கொட்டணும்னு எனக்கு யாரு சொன்னா?... திங்கள் பன்னெண்டு மில்லி. செவ்வாய் இருபது. புதன்கிழமை வெயில் சுளீர்னு அடிச்சுது, துணியெல்லாம் மொறமொறன்னு காஞ்சுது, அன்னிக்கும் இருபதுன்னேன். உள்ள இருந்துச்சு, சொன்னேன்! நீங்களும் அங்க உக்காந்து கூட்டிக்கிட்டே போனீங்க...

இல்லல்ல, உங்களைக் குத்தம் சொல்லல சார். வச்சிடாதீங்க.

...தெரியும் சார். வெள்ளிக்கிழமை ஏரி உடையப்போகுதுன்னு மைக் வண்டி அனுப்பினீங்க. கீழத்தெரு சனம் மொத்தமும் பாய் தலகாணியோட பள்ளிக்கூடத்துல வந்து படுத்துச்சு. பொட்டு மழை இல்ல. திரும்பிப் போறப்ப என்னைப் பாத்தாங்களே ஒரு பார்வை... நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

ஆமா. ஆமா. ஆனா இன்னிக்கு நிஜம் சார்.

கொட்டிட்டேன் சார்! நேத்து நீங்க திட்டின கையோட கொட்டிட்டேன். கவுத்து உதறி, முந்தானையால துடைச்சு வச்சேன்... காலைல எட்டரைக்கு வெறும் நாலு. இப்ப மணி பதினொண்ணு, வழியுது.

எவ்வளவா?... வழியுறதை எப்படி சார் அளப்பேன்?... நம்பர் இல்லாம எழுத முடியாதா? அப்ப "நிறைய"ன்னு எழுதுங்க... அதுக்குக் கட்டம் இல்லையா. சரி.

சார், ஏரி கரையைத் தொட்டுக்கிட்டு நிக்குது. வண்டி வந்து சொன்னாத்தான் கீழத்தெரு நகரும். நான் சொன்னா கதவைக்கூடத் திறக்க மாட்டாங்க... எங்க வீடும் அங்கதான். கடைசி வீடு. அவருக்குப் போன் போட்டேன். "உன் மழையா, வானத்து மழையா?"ன்னு கேட்டுச் சிரிக்கிறாரு. எழுந்து நடக்க முடியாத மனுஷன் சார்...

நானா? எப்படிப் போவேன்? நான் பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டேன், நடுவுல வாய்க்கால் பாலம் முழுகிடுச்சு. வண்டின்னா அந்தப் பக்க ரோட்டுல வந்துடலாம். கழுத்தளவு ஓடுது.

...நாளைக்கு ஆள் அனுப்புவீங்களா? எதுக்கு?... மானியைச் சோதிக்கவா! எத்தனை மணிக்கு?... எட்டரைக்கு.

சார், மானியை விடுங்க. அதைத் தலையைச் சுத்தித் தூக்கி எறிங்க. வண்டியை மட்டும்... பெரிய சார் ஞாயித்துக்கிழமை வரமாட்டாரா... அவரு சொல்லாம முடியாதா...

இருங்க, இருங்க. ஏதோ சத்தம்.

...ஐயோ.

இல்ல சார், இடி இல்ல. ஏரிப் பக்கம், கரை பொளந்த மாதிரி. சார், தண்ணி உள்ள ஏறிடுச்சு, மழை அளக்குற ஜாடி மிதந்து வாசப்படி தாண்டிப் போகுது... ஹலோ? கேக்குதா?... என்னது?

கொட்டிட்டேன் சார். சத்தியமா கொட்டிட்டேன்... ஹலோ? ஹலோ...