நிக்டியிலிருந்து வந்த பாட்டில்

காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிப் போடுகிற தமிழ்க் குடும்பம் ஒன்றைப் புனேயில் இருபது வருஷமாகத் தேடுகிறேன். இன்னும் அகப்படவில்லை. விசாரணைக் குழுவினர் இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

1998-இல் டில்லி மாநாட்டில் நான் ஒரு கட்டுரை வாசிக்க இருந்தேன். மூத்திரத் தொற்று வந்த நூறு குழந்தைகளைப் படம் பிடித்து, சிறுநீரகம் கெட்டிருக்கிறதா என்று பார்த்ததைப் பற்றி. நூறு என்று சுருக்கம் எழுதி அனுப்பியும்விட்டேன். கையில் இருந்தது தொண்ணூற்றொன்பது. மேடையில் அதைச் சொன்னால் செருப்புக்கடை விலை மாதிரி இருக்கும். டாக்டர் கோவிந்தராஜ், எம்.டி. என்று போர்டு மாட்டியவன் அப்படிச் சொல்லலாகாது.

அந்த மே மாதம் ஊர்க்கோடி நிக்டியிலிருந்து சரசா என்ற அம்மாள் தன் நாலு வயதுப் பெண் தீப்தியைக் கூட்டிவந்தாள். ஜுரம்.

"மூக்கும் ஒழுகறது டாக்டர். வெறும் ஜலதோஷம்தானே?"

"எதுக்கும் நாளைக்கு யூரின் கொண்டு வாங்கோ" என்றேன்.

கிருமி நீக்கிய பாட்டில்கள் என் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தன. அவள் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை. வலிய உபசரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. "மூணு தரம் அலம்பினேன்" என்றாள் பெருமையாக. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், ஜன்னலோர வெயில். கிளம்பும்போது ஒன்றிரண்டாக இருந்த கிருமிகள் என் மேஜைக்கு வரும்போது கூட்டுக் குடும்பமாகியிருந்தன. இப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். முந்தைய தொண்ணூற்றொன்பதில் அறுபத்துமூன்று பேர் நிக்டிதான்.

தொற்று என்று ரிப்போர்ட் வந்தது. ஆகவே படம். மூத்திரப்பைக்குள் குழாய் விட்டு மருந்தை நிரப்பி, குழந்தை மேஜையில் படுத்தபடியே ஒன்றுக்குப் போகும்போது எக்ஸ்ரே எடுப்போம். குழாய் விடும்போது தீப்தி அழுதாள். பிறகு போக மாட்டேன் என்றுவிட்டாள். நானும் சிஸ்டர் மில்ட்ரெட்டும் எக்ஸ்ரேக்காரரும் சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்றோம்.

"போ கண்ணு, நல்ல பொண்ணுல்ல?" என்றார் மில்ட்ரெட்.

தீப்தி என்னைக் காட்டினாள். "அந்த மாமா மொதல்ல போகட்டும். நான் பாக்கறேன்."

நாற்பது நிமிஷம் ஆயிற்று. படத்தில் ஒரு குறையும் இல்லை. நூறு.

நாலு நாள் கழித்து டில்லி. நூறில் தொண்ணூற்றிரண்டு குழந்தைகளுக்கு ஒன்றுமே இல்லை என்பதால், ஒரு தடவை தொற்று வந்ததற்காக எல்லாரையும் இப்படிப் படுத்துவது அநாவசியம் என்று முடிவு சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். குழந்தைகளின் காவலர் என்று சால்வை போட்டார்கள். சால்வை கொஞ்சம் குத்தியது.

அதே நாள் இங்கே தீப்திக்குக் குளிர்ஜுரம். அப்பா பட்டாபிராமன் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். சாகண் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதகர். நான் ஊரில் இல்லாததால் மில்ட்ரெட் அலமாரியைத் திறந்து பாட்டில் கொடுத்துவிட்டார்.

"இது அன்னிக்கே இருந்துதா சிஸ்டர்?"

"எப்பவும் இருக்குமே சார்."

"எங்க லைன்ல சாம்பிள் டப்பா அழுக்கா இருந்தா சாம்பிளைத் தூக்கிப் போடுவோம். இங்க குழந்தையைத் தூக்கி மேஜைல போடறேளா?"

அவர் புகார்தான் உங்கள் முன் இருக்கிறது. எல்லாம் உண்மை. பாட்டிலை வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. தொற்று இல்லாத குழந்தைகளைத் தெரிந்தேதான் மேஜையில் ஏற்றினேன்.

நூறாவது கேஸ் பொய் என்ற ஒரு வரியை மட்டும் அவர் நீக்க வேண்டும். மில்ட்ரெட் கொடுத்த பாட்டிலின் ரிசல்ட்டைப் பாருங்கள். அசல் தொற்று. நான் விட்ட குழாயோடு போனதாக இருக்கலாம். எப்படியானாலும் தீப்தி தகுதியான கேஸ்தான். நான் நாலு நாள் முன்கூட்டிச் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்.